வலையை அறுத்த வாக்குச்சீட்டு!



கடலில் எந்த வலையைப் போடலாம், எந்த மீனைப் பிடிக்கலாம், எந்த மாதம் படகுகள் கரையில் கிடக்க வேண்டும் என்பதையெல்லாம் முடிவு செய்ய வேண்டியவர் யார்? மீன் பிடிப்பவரா? அதிகாரியா? அமைச்சரா? அல்லது ஊர் முழுக்கக் கூடி ஓட்டுப் போட்டுத் தீர்மானிப்பதா?

"ஓட்டுப் போட்டு முடிவு செய்வதுதானே ஜனநாயகம், இதில் என்ன தகராறு?" என்று உங்களில் பலர் உடனே சொல்வீர்கள். அப்படிச் சொல்வதற்கு முன் அமெரிக்காவின் ஃப்ளோரிடா மாநிலத்தில் நடந்ததைக் கொஞ்சம் கேட்டு விடுங்கள். எண்ணிக்கையில் சிறியவர்களாக இருந்து கொண்டு, கையில் உள்ள தொழிலையும் கடையையும் மட்டுமே நம்பிப் பிழைக்கிறவர்கள் கேட்க வேண்டிய கதை இது.

ஃப்ளோரிடா மூன்று பக்கம் கடல் சூழ்ந்த மாநிலம். அங்கே கார்ட்டெஸ், சீடர் கீ போன்ற சிறு மீனவ ஊர்கள் உண்டு. பாட்டன் காலத்திலிருந்து வலை போட்டு மடவை மீன் பிடிப்பதுதான் அவர்களுக்குத் தொழில். ஆம், நம் தொண்டியிலும் பழவேற்காட்டிலும் கிடைக்கிற அதே மடவை இனம்தான். அதன் சினைக்கு தைவான் போன்ற ஆசிய நாடுகளில் நல்ல விலை. சினை பிடிக்கும் பருவத்தில் அந்த மீனவர்கள் கையில் நாலு காசு புரளும். மற்ற மாதங்களில் கைக்கும் வாய்க்கும்தான்.

அதே கடலில் இன்னொரு கூட்டமும் மீன் பிடிக்கிறது. சனி, ஞாயிறு விடுமுறையில் சொந்தப் படகில் வந்து பொழுதுபோக்குக்குத் தூண்டில் போடுகிறவர்கள். அவர்களுக்குப் பின்னால் படகு விற்பவர், தூண்டில் விற்பவர், விடுதி நடத்துபவர், பத்திரிகை நடத்துபவர் என்று பெரிய வியாபாரமே நிற்கிறது. "வலைக்காரர்கள் கடலைத் துடைத்து எடுத்து விடுகிறார்கள், எங்கள் தூண்டிலுக்கு மீனே இல்லை" என்பது இவர்கள் புகார். இது முழுப் பொய்யும் அல்ல. சினை மீனைக் கூட்டம் கூட்டமாக அள்ளினால் மறு வருடம் குஞ்சு எங்கிருந்து வரும்?

இந்தத் தகராறைத் தீர்க்க அங்கே 1983-ம் ஆண்டிலிருந்தே ஓர் ஆணையம் இருந்தது. மாநில ஆளுநர் நியமித்த உறுப்பினர்கள் உட்கார்ந்து, விஞ்ஞானிகளைக் கேட்டு, மீனவர்களைக் கேட்டு விதிகள் போட்டு வந்தார்கள். மெதுவாகத்தான் நடந்தது. தூண்டில்காரர்களுக்குப் பொறுமை இல்லை. ஆணையமும் வேண்டாம், சட்டசபையும் வேண்டாம், நேராக மக்களிடமே போய் மாநிலத்தின் அரசியல் சாசனத்தையே திருத்தி விடலாம் என்று கிளம்பினார்கள். அந்த மாநிலத்தில் அதற்கு வழி இருக்கிறது. போதிய வாக்காளர்களிடம் கையெழுத்து வாங்கினால் எந்த விஷயத்தையும் பொது வாக்கெடுப்புக்குக் கொண்டு வரலாம். 4 லட்சத்துக்கு மேல் கையெழுத்துச் சேர்த்தார்கள்.

1994 நவம்பர் 8. மக்கள் ஓட்டுப் போட்டார்கள். 100-க்கு 72 பேர் வலைத் தடைக்கு ஆதரவு! 1995 ஜூலை 1 முதல் ஃப்ளோரிடா கடல் எல்லையில் எங்குமே செவுள் வலை போடக்கூடாது. மற்ற வலைகளும் கரையோரக் கடலில் 500 சதுர அடிக்கு மேல் இருக்கக் கூடாது. இவ்வளவும் அரசியல் சாசனத்தில் எழுதப்பட்டு விட்டது. பேச்சுரிமையும் மத உரிமையும் எழுதி வைக்கிற புத்தகத்தில் வலையின் அளவு!

இப்போது சொல்லுங்கள், இதில் ஜனநாயகம் எங்கே குறைந்தது? கள்ள ஓட்டு இல்லை. மிரட்டல் இல்லை. எல்லோருக்கும் ஒரே ஒரு ஓட்டு. ஆனாலும் நெஞ்சில் ஏதோ உறுத்துகிறதல்லவா?

கடற்கரையிலிருந்து வெகு தூரத்தில் அடுக்குமாடி வீட்டில் இருக்கிற ஒருவர். வாழ்நாளில் வலையைத் தொட்டதில்லை. தொலைக்காட்சியில் வலையில் சிக்கி மூச்சு முட்டுகிற ஆமையைப் பார்த்தார். மனம் இளகியது. போய் ஓட்டுப் போட்டார். திரும்பி வந்து சாப்பிட்டுத் தூங்கினார். மறுநாள் அவர் வாழ்க்கையில் ஒரு துரும்பும் அசையவில்லை. சீடர் கீயில் இருந்த மீனவப் பெண்ணுக்கும் ஒரு ஓட்டுத்தான். அவளும் போட்டாள். மறுநாள் அவள் வீட்டு அடுப்பு என்ன ஆகும் என்பது கேள்வியாகி விட்டது. இருவருக்கும் ஓட்டு சமம். இழப்பு சமமா?

ஆமை வலையில் சாவது உண்மை. அதைப் படம் பிடித்துக் காட்டலாம், யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் கடனுக்கு வாங்கிய படகையும் மூன்று பிள்ளைகளையும் வைத்துக் கொண்டு உட்கார்ந்திருப்பவனின் படத்தை யார் காட்டுவது? தொலைக்காட்சியில் நேரம் வாங்கப் பணம் வேண்டும். பணம் எந்தப் பக்கம் இருந்தது என்று சொல்ல வேண்டியதில்லை.

பிறகு என்ன நடந்தது? அரசு வலைகளை விலை கொடுத்து வாங்கிக் கொண்டது. சீடர் கீ மீனவர்களுக்குச் சிப்பி வளர்க்கப் பயிற்சி கொடுத்தது. அந்த ஊர் பிழைத்துக் கொண்டது. இன்று சிப்பி வளர்ப்பில் பெயர் பெற்ற ஊராக இருக்கிறது. இந்த நல்லதைச் சொல்லாமல் விட்டால் அது நியாயம் ஆகாது. மடவையும் பெருகியது, அதையும் ஒப்புக் கொள்ள வேண்டும். ஆனால் எல்லா ஊரும் சீடர் கீ ஆகவில்லை. தொழிலை விட்டுப் போனவர்கள் போனவர்கள்தான்.

வேடிக்கையான ஒன்றைக் கேளுங்கள். செவுள் வலை கூடாது என்று சாசனம் சொல்லி விட்டது. எது செவுள் வலை? கண்ணியை இழுத்துப் பிடித்தால் 2 அங்குலத்துக்கு மேல் இருந்தால் அது செவுள் வலை என்று அதிகாரிகள் விளக்கம் எழுதினார்கள். ஆக, மீனவன் சின்னக் கண்ணி வலைதான் போட முடியும். சின்னக் கண்ணியில் என்ன சிக்கும்? விற்க முடியாத குஞ்சு மீன்தான் சிக்கும்! பெரிய கண்ணி என்றால் குஞ்சு தப்பிப் போய்விடும் என்பது நம் ஊர் சிறுவனுக்குக் கூடத் தெரியும். மீனைக் காக்க வந்த சட்டம் குஞ்சைக் கொல்கிறதே என்று மீனவர்கள் பல வருடம் வழக்கு நடத்தினார்கள். 2013-ல் ஒரு கீழ் நீதிமன்றம் அவர்கள் பக்கம் நியாயம் இருப்பதாகச் சொன்னது. 2014-ல் மேல் நீதிமன்றம் அதை ரத்து செய்து விட்டது. ஆணையம் போட்ட விதியாக மட்டும் இருந்திருந்தால், அடுத்த கூட்டத்திலேயே பேசித் திருத்தி இருக்கலாம். சாசனத்தில் ஏறியதைத் திருத்த வேண்டுமானால் மறுபடியும் மாநிலம் முழுக்க ஓட்டு வேண்டும். அதுவும் இப்போது 100-க்கு 60 பேர் ஆதரவு வேண்டும்.

அதே ஃப்ளோரிடா மக்கள், சரியாக 30 வருடம் கழித்து 2024 நவம்பரில், மீன் பிடிப்பதும் வேட்டையாடுவதும் நிரந்தர உரிமை என்று அதே சாசனத்தில் இன்னொரு திருத்தத்தை நிறைவேற்றினார்கள். 100-க்கு 67 பேர் ஆதரவு. வலைத் தடையும் அப்படியே இருக்கிறது. மீன் பிடிப்பது உரிமை, வலை போடுவது குற்றம்!

இது ஃப்ளோரிடாவின் தனிக்கதை என்று நினைக்காதீர்கள். மால்ட்டா என்கிற குட்டித் தீவு நாட்டில் வசந்த காலத்தில் காட்டுப்புறாவையும் காடையையும் சுடலாமா என்று 2015 ஏப்ரலில் வாக்கெடுப்பு நடந்தது. குஞ்சு பொரிக்கப் போகிற பறவையைச் சுடாதே என்றது ஒரு தரப்பு. எங்கள் பரம்பரைப் பழக்கத்தில் கை வைக்காதே என்றது மறு தரப்பு. சுமார் 2,200 ஓட்டு வித்தியாசத்தில் வேட்டைக்காரர்கள் வென்றார்கள். அங்கே பறவைக்கு ஓட்டு இல்லை! சுவிட்சர்லாந்தின் ஜெனீவா மாநிலத்தில் 1974-ல் மக்கள் வேட்டைக்கே தடை போட்டார்கள். காட்டுப் பன்றி பெருகினால் இன்றும் அரசுக் காவலர்கள்தான் சுட வேண்டும். அமெரிக்காவின் கொலராடோவில் ஓநாய்களை மீண்டும் கொண்டு வந்து விடலாமா என்று 2020-ல் கேட்டார்கள். 100-க்கு 51 பேர்கூட இல்லை, அதற்கும் சற்றுக் குறைவான பெரும்பான்மையில் நிறைவேறியது. நகரத்துக்காரர்கள் விடச் சொன்னார்கள். ஓநாய் வந்து கன்றுக்குட்டியைத் தின்னப் போவது மேற்கே மாடு வளர்ப்பவனின் தொழுவத்தில்!

ஆக, ஓட்டு சில இடங்களில் மீனவனை வீழ்த்தியிருக்கிறது, சில இடங்களில் வேட்டைக்காரனை வாழ வைத்திருக்கிறது. எந்தப் பக்கம் கூட்டம் அதிகமோ அந்தப் பக்கம் சாய்ந்தது. விஞ்ஞானம் என்ன சொன்னது, யாருக்கு எவ்வளவு நஷ்டம் என்பதெல்லாம் வாக்குச்சீட்டில் இடம் பெறுவதில்லை. அதில் இருப்பது 'ஆம்', 'இல்லை' என்ற இரண்டு கட்டங்கள் மட்டுமே.

சரி, நம் கடற்கரைக்கு வருவோம். இங்கே இப்படி வாக்கெடுப்பு நடத்துகிற வழக்கமே இல்லை. அப்படியானால் நம் மீனவனும் வியாபாரியும் நிம்மதியாக இருந்தார்களா?

2001 ஜூலை மாதம் ராமநாதபுரம் மாவட்டக் கடற்கரையில் என்ன நடந்தது என்பதைப் பெரியவர்களிடம் கேட்டுப் பாருங்கள். மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் ஓர் அறிவிக்கை வெளியிட்டது. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில், புலி இருக்கிற அதே பட்டியலில், கடல் அட்டையைச் சேர்த்து விட்டார்கள். அட்டை மட்டுமல்ல, சுறா, திருக்கை வகைகள் அத்தனையும் அதே அறிவிக்கையில் வந்தன. வாக்கெடுப்பு இல்லை. பாராளுமன்றத்தில் தனி மசோதாவும் இல்லை. அட்டவணையில் பெயர் சேர்க்கவும் நீக்கவும் அந்தச் சட்டத்தின் 61-வது பிரிவு மத்திய அரசுக்கே அதிகாரம் கொடுத்திருக்கிறது. ஒரு கையெழுத்துப் போதும்.

கீழக்கரையிலும் தேவிபட்டினத்திலும் மண்டபத்திலும் சங்கு குளித்து, அட்டை எடுத்து வாழ்ந்த குடும்பங்களில் நம் சமுதாயத்தவர் எத்தனை பேர் என்பதை நாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இந்த ஊர்களில் யாரும் அட்டையைச் சாப்பிடுவதில்லை. எடுத்து, அவித்து, மணலில் புதைத்து, தோலைச் சுத்தம் செய்து, காய வைத்து சிங்கப்பூருக்கும் ஹாங்காங்குக்கும் அனுப்பினார்கள். தலைமுறை தலைமுறையாக நடந்த வியாபாரம். ஒரே நாளில் குற்றமாகி விட்டது. பிடிபட்டால் 3 முதல் 7 வருடம் வரை சிறை.

அடுத்து நடந்ததை இளைஞர்கள் கூர்ந்து கவனிக்க வேண்டும். சுறாத் தடையை எதிர்த்து நாட்டின் இரு கடற்கரையிலும் மீனவர்கள் கொதித்து எழுந்தார்கள். 2001 டிசம்பரிலேயே, ஐந்தே மாதத்தில், அரசு இறங்கி வந்தது. சுறா, திருக்கை இனங்களில் பத்தே பத்தை மட்டும் பட்டியலில் வைத்துக் கொண்டு மற்றவற்றை நீக்கியது. அட்டையை? அட்டையைத் தொடவே இல்லை. இன்று வரை தடை நீடிக்கிறது.

ஏன் இந்த வித்தியாசம்? நமக்குத் தோன்றுவதைச் சொல்கிறோம். சுறா பிடிப்பவர்கள் குஜராத் முதல் வங்காளம் வரை பரவி இருந்தார்கள், சங்கம் வைத்திருந்தார்கள், எம்.பி.க்களுக்கு அவர்கள் ஓட்டு தேவைப்பட்டது. அட்டைக்காரர்கள் மன்னார் வளைகுடாவிலும் பாக் நீரிணையிலும் மட்டும் இருந்த சிறு கூட்டம். குளிப்பவர் ஒரு பக்கம், வாங்கும் வியாபாரி ஒரு பக்கம், ஏற்றுமதிக்காரர் ஒரு பக்கம். மூவரும் ஒரே பாயில் உட்கார்ந்து பேசியதில்லை. எண்ணிக்கை சிறியது என்றால் ஃப்ளோரிடாவில் ஓட்டும் கைவிடும், இங்கே அதிகாரியும் கைவிடுவார். இரண்டும் ஒரே நோய்தான், ஊசி போடுகிற இடம்தான் வேறு.

அட்டை அழியவில்லை, எடுத்துக் கொண்டே போகலாம் என்று நாம் சொல்ல வரவில்லை. விரல் நீள அட்டையையும் விடாமல் அள்ளியது நடந்தது. 75 மில்லிமீட்டருக்குக் குறைந்த அட்டையை ஏற்றுமதி செய்யக் கூடாது என்று 1982-லேயே விதி இருந்தது. அதை ஒழுங்காக அமல் செய்திருந்தால், வியாபாரிகளும் சிறியதை வாங்க மாட்டோம் என்று கண்டிப்பாக நின்றிருந்தால், 2001 வந்தே இருக்காது என்று சொல்பவர்கள் உண்டு. அதை மறுக்க முடியாது. ஆனால் அளவுக் கட்டுப்பாடு, பருவக் கட்டுப்பாடு, உரிமம் என்று எத்தனையோ படிகள் இருக்க, நேராக உச்சிப் படிக்கு ஏன் ஏற வேண்டும்? தூத்துக்குடியில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் 1988-லேயே வெள்ளை அட்டையைக் குஞ்சு பொரிக்க வைத்துக் காட்டியது. வளர்த்துக் கடலில் விடுகிற வித்தையை நம் கையில் வைத்துக் கொண்டு, தொழிலையே மூடினோம். அக்கரையில் இலங்கையில் உரிமம் வாங்கி அட்டை எடுக்கலாம், விற்கலாம். ஒரே கடல், ஒரே அட்டை. நடுவில் ஒரு கோடு. இந்தப் பக்கம் குற்றவாளி, அந்தப் பக்கம் ஏற்றுமதியாளர்!

இந்த வித்தியாசத்தில்தான் கடத்தல் புகுந்தது. மண்டபம், வேதாளை பக்கம் அட்டை பிடிபட்ட செய்தி பத்திரிகையில் வருவது வாடிக்கையாகி விட்டது. இளைஞர்களே, இங்கே உங்களிடம் கண்டிப்பாகவே பேச வேண்டியிருக்கிறது. தடை தவறு என்பதற்காகக் கடத்தல் சரியாகி விடாது. மூட்டைக்கு இவ்வளவு தருகிறேன் என்று கூப்பிடுகிற முதலாளி சிறைக்குப் போவதில்லை, படகில் இருக்கிற பையன்தான் போகிறான். தடையை எடுக்கக் கோரும் நியாயமான குரலையும் அந்த மூட்டைகளே அமுக்குகின்றன. "பார்த்தீர்களா, திறந்து விட்டால் மொத்தமாக அள்ளி விடுவார்கள்" என்று எதிர்த்தரப்பு சொல்வதற்கு நாமே சாட்சி கொடுக்கலாமா?

அப்படியானால் வழி என்ன? வாக்கெடுப்பும் வேண்டாம், அறிவிக்கையும் வேண்டாம் என்றால் யார்தான் முடிவு செய்வது?

நம் கடற்கரையிலேயே பதில் இருக்கிறது. பாக் நீரிணையில் விசைப்படகுக்கும் நாட்டுப்படகுக்கும் வெட்டுக் குத்து நடந்த காலம் உண்டு. பிறகு ஏற்பட்ட ஏற்பாடு என்ன? வாரத்தில் மூன்று நாள் விசைப்படகு, நான்கு நாள் நாட்டுப்படகு. விசைப்படகுகளுக்குப் பின்னால்தான் பணம் இருந்தது. ஆனாலும் ஆளுக்கு இத்தனை நாள் என்று கடல் பங்கு போடப்பட்டது. குறை இல்லாத ஏற்பாடு என்று யாரும் சொல்லவில்லை, மீறல்களும் நடக்கின்றன. ஆனால் சிறியவனுக்கும் அதில் நாள் இருக்கிறது. 1990-களில் வெளிநாட்டுக் கப்பல்களுக்கு ஆழ்கடலைத் திறந்து விட்டபோது நாடு முழுவதும் மீனவர் சங்கங்கள் வேலை நிறுத்தம் செய்தன. அரசு முராரி குழுவை அமைத்தது. 1996-ல் அந்தக் குழு 21 பரிந்துரைகளைக் கொடுத்தது. அந்த உரிமங்களை ரத்து செய்ய வேண்டும் என்பது அதில் முக்கியமானது. இங்கே வென்றது வாக்கெடுப்பு அல்ல. பாதிக்கப்படுகிறவன் பேச்சு மேசைக்கு வந்து விட்டான், அதனால் வந்த பலன்.

நம் கோரிக்கை இதுதான். எந்த மீனுக்கும் எந்த வலைக்கும் விதி போடும் முன்பு அந்தக் கடலில் இறங்குகிறவன், கரையில் வாங்குகிறவன், கணக்கு எடுக்கிற விஞ்ஞானி, இந்த மூவரும் இல்லாமல் முடிவு எடுக்கக் கூடாது. போட்ட விதியை மூன்று வருடத்துக்கு ஒரு முறை கடலில் இருக்கிற கணக்கைப் பார்த்துத் திருத்த வேண்டும். தொழிலை நிறுத்தினால் மாற்றுத் தொழிலை முதலில் கையில் கொடுத்து விட்டு நிறுத்த வேண்டும். கிழக்குக் கரையில் 2017 முதல் ஏப்ரல் 15 தொடங்கி 61 நாள் தடைக்காலம் நடக்கிறது. படகுக்காரர் குடும்பத்துக்கு நிவாரணம் உண்டு. ஐஸ் விற்பவருக்கும் கூடை சுமப்பவருக்கும் சைக்கிளில் மீன் கொண்டு போகிற சிறு வியாபாரிக்கும் அதே 61 நாள்தானே பட்டினி? இவர்களை யார் கணக்கில் எடுத்தார்கள்?

கணக்கு என்றதும் ஒன்றைச் சொல்ல வேண்டும். அட்டைத் தடையால் எத்தனை குடும்பம் தொழில் இழந்தது என்று அதிகாரி கேட்டால், நம்மில் யாரிடமும் எழுத்தில் பதில் இல்லை. "ஏராளம், ஏராளம்" என்று சொல்லலாம், அதை எந்தக் கோப்பிலும் சேர்க்க முடியாது. ஆகவே கடற்கரை மஹல்லா ஒவ்வொன்றிலும் இரண்டு இளைஞர்கள் ஒரு நோட்டை எடுத்துக் கொண்டு வீடு வீடாகப் போங்கள். 2001-க்கு முன் குளித்தவர் யார், வியாபாரம் செய்தவர் யார், இன்று என்ன செய்கிறார், வழக்கில் சிக்கியவர் உண்டா என்று எழுதுங்கள். முஸ்லிம் வீட்டோடு நிறுத்தாதீர்கள், அடுத்த தெரு மீனவர் வீட்டுக்கும் போங்கள், அவருக்கும் இதே இழப்புத்தான். வியாபாரிகள் தங்கள் பழைய ரசீதுகளையும் ஏற்றுமதிக் காகிதங்களையும் தேடி எடுத்து வையுங்கள். அடுத்த தேர்தலுக்கு ஓட்டுக் கேட்டு வருகிற ஒவ்வொரு வேட்பாளரிடமும் அந்த நோட்டின் நகலைக் கொடுத்து, வாங்கிக் கொண்டதற்குக் கையெழுத்து வாங்குங்கள்.